மார்ச் மாத நெப்ராஸ்கா: கிரேன், வாத்து, புல்வெளிப் பறவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்ததும் பிளாட் ஆற்றுப் பக்கம் போவது பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒமாஹா, கேன்சஸ் சிட்டி, டென்வர் என்று அரை நாள் கார் ஓட்டும் தொலைவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும். சந்தேகங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

நெப்ராஸ்காவுல அப்படி என்ன இருக்கு? வெறும் மக்காச்சோளக் காடுதானே?

மக்காச்சோளக் காடுதான், அறுவடையில் சிந்தும் அந்தச் சோளமும் ஒரு காரணமாகத்தான் பறவைகள் வருகின்றன. டெக்சாஸ், நியூ மெக்சிகோ, மெக்சிகோ என்று பரவிக் குளிர்காலத்தைக் கழித்த சாண்ட்ஹில் கிரேன்கள் (கொக்கு மாதிரி நீண்ட கால் பறவைகள்) வசந்தம் வந்ததும் கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் கிளம்பும், சில கடலைத் தாண்டி சைபீரியா வரைக்கும் போகும். இந்தப் பாதையை வரைபடத்தில் போட்டால் உடுக்கை மாதிரி இருக்கும், மேலும் கீழும் அகலம், நடுவில் இடுப்பு சிறுத்துவிடும். அந்த இடுப்புதான் லெக்சிங்டனுக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் இடையே பிளாட் ஆறு ஓடும் சுமார் 80 மைல் தூரம். உலகத்துச் சாண்ட்ஹில் கிரேன்களில் ஏறக்குறைய 80 சதவீதம் இங்கே இறங்குகின்றன. முன்பெல்லாம் ஐந்து லட்சம் என்பார்கள், சமீப ஆண்டுகளில் விமானத்தில் போய் எடுக்கும் கணக்கு 7 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

கிரேன் மட்டும் இல்லை. ஆற்றுக்குத் தெற்கே ரெயின்வாட்டர் பேசின் என்ற பகுதியின் மழைநீர்க் குட்டைகளில் பத்து லட்சக்கணக்கில் வாத்துகள் இறங்கும், உழாமல் விட்ட புல்வெளிகளில் பிரெய்ரி சிக்கன் என்ற புல்வெளிக் கோழிகள் விடியற்காலையில் ஆட்டம் போடும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிரேனை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்துவிட்டு மிச்ச இரண்டையும் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை, கீழே அவற்றைப் பற்றி நீளமாக எழுதியிருப்பது அதனால்தான்.

எப்போ வரணும்? ஏப்ரல்ல லீவு போட்டா போதுமா?

கிரேனுக்கு ஏப்ரல் தாமதம். பிப்ரவரி நடுவில் வரத் தொடங்கும், மார்ச் மூன்றாவது, நான்காவது வாரங்களில் உச்சத்தில் இருக்கும், ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஆறு ஏறக்குறைய காலி. ஒவ்வொரு பறவையும் மூன்று நான்கு வாரம் தங்கித் தின்று கொழுத்துவிட்டு, வானம் வெளுத்துத் தெற்குக் காற்று வீசும் ஒரு நாளாகப் பார்த்து, சூடான காற்றில் வட்டமடித்து மேலே ஏறிக் கிளம்பிவிடும். அப்படி இரண்டு மூன்று நாள் சேர்ந்து அமைந்தால் ஒரே வாரத்தில் பாதிக்கும் மேல் போய்விடும்.

வாத்துகளுக்குப் பிப்ரவரி கடைசியும் மார்ச் முதல் இரண்டு வாரமும். பிரெய்ரி சிக்கனுக்கு மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும். ஆக ஏப்ரலில்தான் லீவு கிடைக்கும் என்றால் கிரேனை மறந்துவிட்டுப் புல்வெளிக்கு வாருங்கள், அதிலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இது நம்ம ஊர் கொக்கு மாதிரிதானே? வயல்ல நிக்குமே, அது?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் குடும்பமே வேறு. வயலில் நிற்கும் கொக்கும் நாரையும் பறக்கும்போது பாருங்கள்: கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும், நாரையும் கிரேனும் நீட்டிக்கொண்டு பறக்கும். கொக்கும் நாரையும் மரத்தில் கூடு கட்டும். சாண்ட்ஹில் கிரேன் மரத்தில் உட்காரவே உட்காராது, பின்விரல் மேலே தூக்கி இருப்பதால் கிளையைப் பிடிக்க முடியாது. மூன்று நான்கு அடி உயரம், சாம்பல் உடம்பு, நெற்றியில் சிவப்புத் தோல். போன வருடம் பிறந்த குஞ்சுக்கு அந்தச் சிவப்பு இருக்காது, நெற்றி பழுப்பாக இருக்கும்.

சில பறவைகள் துருப்பிடித்த நிறத்தில் இருப்பதைப் பார்த்து வேறு இனமோ என்று கேட்பார்கள். இரும்புச்சத்துள்ள சேற்றை அலகால் எடுத்து இறகில் தானே பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் இதன் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானில் கீச்சன் கிராமத்துக்குக் குளிர்காலத்தில் வரும் டெமாய்செல் கிரேன் இருக்கிறது.

ஒரு நாள்ல எத்தனை மணிக்குப் போனா பாக்கலாம்?

இரண்டு நேரம். சூரிய உதயத்துக்கு முன்னாலிருந்து அதற்கப்புறம் ஒரு மணி நேரம் வரை, பிறகு மாலையில் சூரியன் விழுவதற்கு அரை மணி முன்னாலிருந்து நன்றாக இருட்டும் வரை. காலையில் ஆற்றிலிருந்து கிளம்பும், மாலையில் ஆற்றுக்குத் திரும்பும். மாலைக் காட்சியில் பலர் செய்வது, சூரியன் மறைந்ததும் காரில் ஏறிவிடுவது. பெரிய கூட்டங்கள் அதற்குப் பிறகுதான் இறங்கும், இன்னும் இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடுவார்கள், அப்புறம் ஆற்றையொட்டிய கார்னி ஊரில் சூரியன் உதிப்பதே ஏழே முக்காலை ஒட்டித்தான். அதனால் 'விடியற்காலை' என்றதும் மூன்று மணிக்கு எழ வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், ஆறு மணிக்கு மோட்டலிலிருந்து கிளம்பினால் சரியாக இருக்கும். பகலில் வயல்களில் மேயும், சாலையோரமாகக் காரை மெதுவாக விட்டுக்கொண்டே பார்க்கலாம்.

காசு கட்டி பிளைண்ட்லதான் பாக்கணுமா? சும்மா பாக்க வழியே இல்லையா?

இருக்கிறது. பிளைண்ட் என்பது ஆற்றங்கரையில் கட்டிய நீளமான மரக்கொட்டகை, பறவை நம்மைப் பார்க்காமல் நாம் பார்ப்பதற்குச் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். கிப்பன் ஊருக்குப் பக்கத்தில் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் ரோ சரணாலயம், ஆல்டா பக்கத்தில் கிரேன் டிரஸ்ட், இந்த இரண்டு இடத்திலும் கட்டணம் கட்டி முன்பதிவு செய்யலாம். மார்ச் சனி ஞாயிறுகள் குளிர்காலத்திலேயே நிரம்பிவிடும், வார நாள் என்றால் கொஞ்சம் வாய்ப்பு அதிகம்.

இலவசமாகப் பார்க்க கிப்பனுக்குத் தெற்கே ரிச்சர்ட் பிளாட்ஸ் தளமும், ஆல்டா சாலைப் பாலத்தருகே இன்னொரு மேடையும் இருக்கின்றன. ஃபோர்ட் கார்னியில் பழைய ரயில் பாலத்தை நடைபாலமாக மாற்றியிருக்கிறார்கள், மாநிலப் பூங்கா நுழைவுச் சீட்டு மட்டும் போதும், மாலைக்கு என் ஓட்டு இந்தப் பாலத்துக்குத்தான். சாலைப் பாலங்களின் மேல் காரை நிறுத்திப் பார்ப்பது மட்டும் கூடாது. அது சட்டப்படியும் தப்பு, பின்னால் லாரி வந்தால் உயிருக்கும் ஆபத்து.

முதல் தடவை வருகிறவர்கள் முடிந்தால் ஒரு காலைப்பொழுது பிளைண்ட்டில் உட்காருங்கள். பாலத்தில் கிரேனைத் தூரத்தில் பார்ப்போம், பிளைண்ட்டில் ஆயிரக்கணக்கான பறவைகளின் பேச்சு நடுவில் இருட்டில் உட்கார்ந்திருப்போம், வெளிச்சம் வர வரத்தான் அந்தச் சத்தத்துக்கு உருவம் கிடைக்கும்.

பிளைண்ட்டுக்குள்ள ரொம்ப ரூல்ஸ் போடுறாங்களாமே?

போடுகிறார்கள், எல்லாம் நியாயமான ரூல்ஸ்தான். ஃபோன் வெளிச்சம், ஃப்ளாஷ், ஷட்டர் சத்தம், சத்தமான பேச்சு எதுவும் கூடாது. காலையில் உள்ளே போனால் பறவைகள் கிளம்பும் வரை வெளியே வர முடியாது, அது ஒன்பது மணி கூட ஆகலாம், அதனால் பாத்ரூம் வேலையை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஒரு பறவை மிரண்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பதும் எழும், நிமிடத்தில் இருபதாயிரம் பறவை இருட்டில் பறக்கும். மேலே மின்கம்பிகள் இருக்கின்றன. அதில் மோதிச் சாகும் பறவைகள் உண்டு.

குளிர் எப்படி? ஜாக்கெட் போதுமா?

போதாது. மார்ச்சில் மதியம் 60 ஃபாரன்ஹீட் இருக்கும், அதே நாள் விடியலில் 20. காற்று வேறு. நாம் நடக்கப்போவதில்லை, இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கப்போகிறோம், அதுதான் விஷயம். ஜனவரியில் பனி அள்ளும்போது என்ன போடுவீர்களோ அதையெல்லாம் போடுங்கள், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, கைக்குள் வைக்கும் சூடு பாக்கெட். சரசரக்கும் நைலான் ஜாக்கெட் மேலே வேண்டாம், பிளைண்ட்டில் நீங்கள் திரும்பும் ஒவ்வொரு தடவையும் பத்துப் பேர் முறைப்பார்கள். பனிப்புயல் வரும் மாதம் இது, கிளம்பும் முன் இன்டர்ஸ்டேட் 80 திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் வாங்கணுமா? கேமராவுக்கு எந்த லென்ஸ்?

கிரேனுக்குப் பைனாகுலர் இல்லாமலும் சமாளிக்கலாம், வாத்துக்கு முடியாது. 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 உருப்பெருக்கம், 42 முன் கண்ணாடியின் அகலம், அந்த அகலம்தான் மங்கிய வெளிச்சத்தில் காப்பாற்றும். 12x, 16x என்று விற்பதைக் கையில் பிடித்தால் ஆடும்.

கேமராவைப் பொறுத்தவரை, விடியலுக்கு முன்னால் எடுக்கும் படம் எதுவும் தேறாது. கையில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். 600 மி.மீ. லென்ஸோடு வந்தவர்கள் முழு நேரமும் செட்டிங் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பறவை எழுந்ததைத் தவறவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவு செய்யுங்கள், அது ஃபோனிலேயே நன்றாக வரும். இந்தப் பறவையின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு போய்த் திரும்பி வருவதால் சத்தம் ஒரு மைலுக்கு மேலும் கேட்கும்.

ராத்திரி ஏன் ஆத்துத் தண்ணில போய் நிக்குது? அதுக்குக் குளிராதா?

நரிக்கும், ஓநாய் மாதிரி இருக்கும் கொயோட்டிக்கும் பயந்துதான். பிளாட் ஆறு ஒரே பள்ளத்தில் ஓடும் ஆறு கிடையாது, மணல் திட்டுகளைச் சுற்றிப் பல கால்களாகப் பிரிந்து பிரிந்து ஓடும், பெரும்பாலான இடத்தில் அரையடித் தண்ணீர்தான். நடுவில் நின்றால் கரையிலிருந்து எது இறங்கி வந்தாலும் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஆறு அகலமாகவும் கரை மரமில்லாமலும் இருக்க வேண்டும். காலில் போகும் சூடான ரத்தமும் திரும்பி வரும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுவதால் உடம்புச் சூடு அதிகம் வீணாவதில்லை, குளிர் அதற்குப் பெரிய பிரச்சினை இல்லை.

பிரச்சினை அகலம்தான். ஒரு காலத்தில் வசந்தத்து வெள்ளம் மணல் திட்டுகளை அரித்துக்கொண்டு போகும், செடி முளைக்க நேரம் இருக்காது. 1909-இல் வயோமிங்கில் பாத்ஃபைண்டர் அணை, 1941-இல் நெப்ராஸ்காவிலேயே கிங்ஸ்லி அணை என்று வரிசையாக வந்தன. தண்ணீரில் பெரும்பகுதி பாசனத்துக்குத் திரும்பியது, வெள்ளம் நின்றது, திட்டுகளில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்துப் பல இடங்களில் ஆறு வாய்க்கால் அளவுக்குக் குறுகிவிட்டது. அதனால் கிரேன்கள் மேற்குப் பகுதியை ஏறக்குறையக் கைவிட்டுக் கிழக்கே நெருங்கிவிட்டன.

இன்று நீங்கள் பார்க்கும் அகலமான ஆறு மனிதர்கள் இயந்திரம் வைத்து மரங்களை வெட்டி, திட்டுகளை உழுது காப்பாற்றி வைத்திருப்பது. கிரேன் டிரஸ்ட் பிறந்ததே ஒரு வழக்கில்தான்: வயோமிங்கில் கிரேராக்ஸ் என்ற அணை கட்டப்போக, கீழே ஆறு வற்றும் என்று வழக்குப் போட்டு, 1978-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் கிடைத்த பணத்தில் தொடங்கியது. 2007-இல் நெப்ராஸ்கா, கொலராடோ, வயோமிங் மூன்று மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து ஆற்றுக்குத் தண்ணீர் விடும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. காவிரிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டான்ஸ் ஆடுதே, ஜோடி தேடுதா?

சிலது தேடும். ஆனால் ஜோடி சேர்ந்து பல வருடமானதும் ஆடும், குஞ்சும் ஆடும், பயந்தாலும் எரிச்சலானாலும் ஆடும். எகிறிக் குதிப்பது, தலை குனிவது, சோளத்தட்டையைப் பொறுக்கி மேலே எறிவது எல்லாம் அதில் சேர்த்தி. பகலில் வயலில் பார்க்க நன்றாக இருக்கும், கார் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே கூட்டத்தைப் பத்து நிமிடம் பாருங்கள், யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஜோடிகள் சேர்ந்து குரல் கொடுப்பதைக் கவனியுங்கள், ஆண் ஒரு முறை கத்தினால் பெண் வேகமாக இரண்டு முறை பதில் சொல்லும்.

குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாமா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பாலத்துக்கும் மேடைக்கும் தாராளமாகக் கூட்டி வாருங்கள். பிளைண்ட்டில் வயது வரம்பு இருக்கும், பதிவு செய்யும்போதே பாருங்கள். வரம்பு இல்லாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் இருட்டில் பேசாதே என்பது யாருக்கும் நல்லதல்ல.

சைவம் என்றால் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி. கார்னியிலும் கிராண்ட் ஐலண்டிலும் கடைகள் உண்டு, அதற்கு நடுவில் சின்ன ஊர்களில் பர்கர்தான்.

ரெயின்வாட்டர் பேசின்னு சொல்றீங்களே, மேப்புல ஏரி எதுவுமே காணோமே?

ஏரி இல்லை, அதனால்தான் காணோம். காற்று தோண்டிய ஆழமில்லாத பள்ளங்கள், அடியில் களிமண் படிந்ததால் தண்ணீர் கீழே இறங்காது. மழையும் உருகிய பனியும் மட்டும்தான் வரத்து, ஊற்று கிடையாது. ஆற்றுக்குத் தெற்கே பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் 90 சதவீதம் விவசாயத்துக்காக வடித்து நிரவப்பட்டுவிட்டது. மிச்சமிருக்கும் பத்து சதவீதத்தில்தான் பனி வாத்து, வெண்ணெற்றி வாத்து, ஊசிவால் வாத்து, மல்லார்டு எல்லாம் நெருக்கியடித்து இறங்குகின்றன. கண்டத்தின் நடுப்பகுதி வழியாகப் போகும் வெண்ணெற்றி வாத்துகளில் பெரும்பங்கு இங்கே நின்றுதான் போகிறது. ஊசிவால் வாத்து நமக்குப் புதிதில்லை, குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வரும் அதே இனம்தான், பாதை மட்டும் வேறு.

ஃபெல்ப்ஸ் மாவட்டத்தில் ஃபங்க் என்ற இடம் பெரியது, கார்னியிலிருந்து அரை மணி நேரம். கிழக்கே க்ளே மாவட்டத்தில் ஹார்வர்ட். இவற்றை மத்திய அரசின் வனவிலங்குத் துறை, வேட்டைக்காரர்கள் வாங்கும் வாத்து முத்திரைப் பணத்தில் வாங்கிப் போட்டிருக்கிறது. 1934-லிருந்து நடக்கும் ஏற்பாடு. வேட்டையாடாதவர்களும் அந்த முத்திரையை 25 டாலருக்கு வாங்கலாம், பறவை பார்க்கிறவர்கள் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

அங்க போனோம், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பொய் சொல்றீங்களா?

பனி குறைந்த ஆண்டாக இருந்திருக்கும். வரத்து மழையும் பனியும்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா, காய்ந்த வருடத்தில் பாதிப் பள்ளங்கள் வெறும் புல்தரையாக இருக்கும். சில இடங்களில் நிலத்தடி நீரை இறைத்து நிரப்புகிறார்கள், எல்லாவற்றுக்கும் அது முடியாது. கிளம்பும் முன் பறவை பார்த்தவர்கள் பட்டியல் போடும் ஈபேர்டு இணையதளத்தில் அந்த வாரம் யாராவது பட்டியல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தேதியைக் கவனியுங்கள், போன வருடப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

தண்ணீர் இல்லாத வருடத்தில் வாத்துகள் எல்லாம் கொஞ்ச இடத்தில் குவியும், அப்போதுதான் பறவைக் காலரா பரவும். 1975-லிருந்து அந்தப் பக்கத்தில் அது பல தடவை வந்திருக்கிறது. செத்த வாத்துகள் கரையில் கிடந்தால் தொடாதீர்கள், நாயை விடாதீர்கள். 2022-லிருந்து பறவைக் காய்ச்சல் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. பறவைங்க வர்ற இடத்துலயே வேட்டையா? அநியாயமா இல்ல?

பனி வாத்துக்கு வசந்தத்திலும் அனுமதி உண்டு, 1999-லிருந்து. தெற்கே நெல்லும் மக்காச்சோளமும் தாராளமாகக் கிடைத்ததில் அவற்றின் எண்ணிக்கை பெருகி, ஆர்க்டிக்கில் முட்டையிடும் நிலத்தையே வேரோடு மேய்ந்து பாழாக்குகின்றன, அங்கே வாழும் மற்ற பறவைகளுக்கும் இடமில்லை. அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. குறைந்ததா என்றால், வேட்டையால் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஃபங்க் பக்கம் போகும் நாளில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு சாலையை விட்டு இறங்காமல் பாருங்கள்.

கிரேனைச் சுடுவது வேறு. பாதையில் இருக்கும் மற்ற மாநிலங்களில் அனுமதி உண்டு, நெப்ராஸ்காவில் மட்டும் இல்லை.

வெள்ளையா பெருசா, இறக்கை நுனி கறுப்பா ஒண்ணு பாத்தோம். ஹூப்பிங் கிரேன்தானே?

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இல்லை. இங்கே வெள்ளை உடம்பும் கறுப்பு நுனியும் மூன்று பறவைக்கு உண்டு. நூற்றுக்கணக்கில் கூட்டமாக வேகமாகச் சிறகடித்தால் பனி வாத்து. கழுத்தை மடித்து, பின்னால் கால் நீளாமல், பெரிய மஞ்சள் அலகோடு வட்டமடித்தால் பெலிகன். முன்னால் கழுத்தும் பின்னால் காலும் நீண்டு, இரண்டு மூன்றாக மட்டும் வந்து, பக்கத்தில் நிற்கும் சாண்ட்ஹில் கிரேனைவிட ஒரு தலை உயரமாக இருந்தால் அப்போது இதயம் துடிக்கலாம். ஐந்தடி உயரம் அது.

1941-இல் உலகத்தில் மிஞ்சியது இருபத்துச் சொச்சம். டெக்சாஸ் கடற்கரையின் அரன்சாஸிலிருந்து கனடாவின் வுட் பஃபலோ வரை போய்வரும் கூட்டம் இப்போது 500-ஐத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை பிளாட் வழியாகப் போகும். பார்த்தால் காரைவிட்டு இறங்காதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள், மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், அடுத்த ஒரு மணி நேரத்தில் இருபது கார் வந்து நிற்கும்.

பிரெய்ரி சிக்கன் பாக்க ராத்திரியே போகணுமா? கோழிதானே, அதுல என்ன இருக்கு?

கோழி சைஸ்தான். சேவல்கள் பத்துப் பதினைந்து ஒரே மேட்டுப் புல்தரையில் கூடி, கழுத்துப் பக்கத்து ஆரஞ்சுப் பைகளை ஊதி, காதுமாதிரி இறகுகளை நிமிர்த்தி, தரையைப் படபடவென்று மிதிக்கும். வெறும் சீசாவின் வாயில் ஊதினால் வரும் சத்தம் தாழ்வாகப் புல்வெளி முழுக்கப் பரவும். பேடு சாவகாசமாக நடுவில் நடந்துபோகும், தேர்ந்தெடுக்கும். பெரும்பாலான இணைசேர்க்கை நடுவில் இடம் பிடித்த ஒன்றிரண்டு சேவலுக்குத்தான், ஓரத்தில் நிற்பவை அடுத்த வருடத்துக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கிரேனைவிட இதுதான் எனக்கு ஒருபடி மேல்.

சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் முன்னாலேயே பிளைண்ட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், பறவைகள் தானாகக் கலையும் வரை வெளியே வரக்கூடாது, மற்ற ரூல்ஸ் மேலே சொன்னதுதான். தென்கிழக்கில் பர்ச்சார்ட் ஏரியில் மாநில அரசின் பிளைண்ட்கள் இருக்கின்றன, முதலில் வருகிறவருக்கு முதலில். சாண்ட்ஹில்ஸ் என்ற மணற்குன்றுப் பக்கம் பண்ணைக்காரர்கள் சிலர் தங்கள் நிலத்திலேயே கட்டணத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், அங்கே ஊதாப் பை வைத்த ஷார்ப் டெயில்டு கிரௌஸும் ஆடும். இதே இனத்தின் கிழக்குக் கரைக் கிளையான ஹீத் ஹென் 1932-இல் பூண்டோடு அழிந்துபோனது.

புல்வெளிய அவங்களே கொளுத்துறாங்க. முட்டையெல்லாம் வெந்துடாதா?

கொளுத்துவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், தரையில் கூடு கட்டும் பறவைகள் பெரும்பாலானவை முட்டையிடும் முன்னால். நெருப்பு இல்லாவிட்டால் பத்து இருபது வருடத்தில் சிவப்பு சீடர் மரம் உள்ளே புகுந்துவிடும். மரம் இருக்கும் இடத்தில் பிரெய்ரி சிக்கன் ஆடாது, பருந்து உட்கார இடமாகிவிடுகிறதே. உயரப்புல் பிரெய்ரியில் மிஞ்சியது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு, அதைப் புல்வெளியாகவே வைத்திருக்க நெருப்பும் மாடும் வேண்டும். புகைச்சலுக்குப் பிந்திய கரித்தரையில் நடந்துபோகும் கில்டீரைத் தேடுங்கள், நம்ம ஊர் ஆள்காட்டியின் தூரத்துச் சொந்தம், அதே மாதிரி ஊரைக் கூட்டும்.

ஆப்ல குரலைப் போட்டுக் கூப்பிட்டா பக்கத்துல வருமாமே? ட்ரோன் விடலாமா?

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் கேட்பதற்கு, கூப்பிடுவதற்கு இல்லை. வேலிக்கம்பத்தில் மஞ்சள் மார்போடு பாடும் மெடோலார்க் கிழக்கா மேற்கா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம், பாட்டைக் கேட்டால் ஆப் சொல்லிவிடும், அதற்குப் பயன்படுத்துங்கள். குரலைப் போட்டால் அது எதிரி வந்துவிட்டதாக நினைத்துப் பாட்டையும் தீனியையும் விட்டுத் தேடி அலையும். ட்ரோன் கூடவே கூடாது, மத்திய அரசுப் பறவைக் காப்பிடங்களில் தடை, மற்ற இடத்தில் கிரேனுக்கு அது கழுகு.

இந்தப் பறவை 90 லட்சம் வருஷமா பிளாட் ஆத்துக்கு வருதுன்னு படிச்சேன். உண்மையா?

பாதி. நெப்ராஸ்காவில் ஏறக்குறைய அவ்வளவு பழைய கிரேன் எலும்பு கிடைத்தது உண்மை, ஆனால் அது சாண்ட்ஹில் கிரேனின் உறவு இனமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். சந்தேகமில்லாமல் சாண்ட்ஹில் என்று சொல்லத்தக்க எலும்பு ஃபுளோரிடாவில் கிடைத்தது, 25 லட்சம் வருடம். பிளாட் ஆறே இப்போதைய வடிவில் பனியுகம் முடிந்த பிறகு வந்தது, பத்தாயிரம் வருடம் இருக்கலாம். மக்காச்சோளம் இந்தப் பள்ளத்தாக்கை நிரப்பியது நூற்றைம்பது வருடத்துக்குள். அதுவும் நிரந்தரமில்லை, அறுவடை இயந்திரங்கள் திருந்தத் திருந்த வயலில் சிந்துவது குறைகிறது, சோயாவை கிரேன் தொடுவதில்லை.

எல்லாத்தையும் ஒரே ட்ரிப்ல பாக்கணும், ரெண்டு நாள்தான் லீவு. எப்படிப் போடலாம்?

மார்ச் கடைசி வார இறுதி. வெள்ளி மதியம் ஒமாஹாவிலிருந்து கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் கார்னி, நேராக ரயில் பாலத்துக்குப் போய் மாலைக் காட்சி. சனி காலை பிளைண்ட், பத்து மணிக்குச் சாப்பாடு, அப்புறம் ஃபங்க். அந்த நேரத்தில் பனி வாத்துகளில் பெரும்பகுதி வடக்கே போயிருக்கும், ஊசிவாலும் மற்ற வாத்துகளும் இருக்கும். மாலை கிழக்கே ஓட்டி, பர்ச்சார்ட் ஏரிக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் எங்காவது தங்குங்கள். ஞாயிறு விடியலில் பிரெய்ரி சிக்கன், மதியத்துக்குள் வீடு.

டென்வரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது, பர்ச்சார்ட் எதிர்த்திசையில் ரொம்பத் தூரம். நீங்கள் மணற்குன்றுப் பண்ணை ஒன்றில் ஞாயிறு விடியலுக்குப் பதிவு செய்துகொண்டு அங்கிருந்தே திரும்பலாம். ஹூப்பிங் கிரேனைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், வந்தால் லாபம். மோட்டலை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள், மார்ச் சனிக்கிழமைகளில் கார்னியில் அறை கிடைக்காமல் லிங்கன் வரை திரும்பி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.